ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, பிள்ளை ஏன் இன்னும் வாசிக்கல?

நெய்வேலி டவுன்ஷிப்லேர்ந்து பேசுறேன். வெளியில மழை தூறுது, நடுவுல சத்தம் வந்தா கொஞ்சம் பொறுத்துக்குங்க.

பள்ளிக்கூடம் திறந்ததுலேர்ந்து எனக்கு வர்றது ஒரே கேள்விதான். மந்தாரக்குப்பத்துலேர்ந்து கேக்குறாங்க, வடலூர்லேர்ந்து கேக்குறாங்க, இங்க டவுன்ஷிப் பிளாக் 16லேர்ந்தும் கேக்குறாங்க. "சார், பொண்ணு மூணாவது படிக்கிறா. ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டு இருக்கு. வீட்டுல டேப் வாங்கிக் குடுத்துட்டோம். யூடியூப்ல கதை பார்க்கிறா, பார்த்த கதையை அச்சு அசலா திருப்பிச் சொல்றா. ஆனா பேப்பர்ல நாலு வரி எழுதிக் குடுத்தா முழிக்கிறா. எந்த ஆப் போடலாம்?"

எந்த ஆப். எல்லாருக்கும் அதுதான் வேணும். சொல்றேன், வீடியோ முடியறதுக்குள்ள சொல்றேன், ஓட்டிட்டுப் போகாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பிள்ளை வாசிக்கக் கத்துக்கணும்னா பிள்ளையோட வாய் திறக்கணும், அதை ஒரு காது கேக்கணும். இந்த வீடியோவுல இதை நான் பத்து தடவை சொல்லுவேன். எங்க வீட்டுலயே சலிச்சுப் போய்ட்டாங்க, நீங்களும் சலிச்சுக்குங்க, பரவாயில்ல.

எண்ணும் எழுத்தும்னு தொடக்க வகுப்புப் பிள்ளைங்களுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லிக் குடுக்குற அரசுத் திட்டம் இருக்கு, அதுல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிப்பாங்க, இதெல்லாம் வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கிறவங்களுக்குத் தெரியும். அதுக்குள்ள நான் போகல. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பையன், ரெண்டாவது படிக்கிறான். செம சுட்டி. டேப்ல ஒரு குரங்குக் கதை வச்சிருக்கான். படம் வரும், கீழ ஒரு வரி எழுத்து வரும், ஒரு அக்கா குரல்ல அதை வாசிச்சுக் காட்டும். என்கிட்ட வந்து, "மாமா, நானே வாசிக்கிறேன் பாருங்க"ன்னு சத்தத்தைக் குறைச்சுட்டு வாசிச்சான். அந்த அக்கா எங்க இழுக்குமோ அங்க இழுக்குறான், எங்க நிறுத்துமோ அங்க நிறுத்துறான். "மரத்துல குரங்கு உக்காந்திருந்துச்சு"ன்னான். திரையில இருந்தது "மரத்தின் மேல் குரங்கு அமர்ந்திருந்தது". நான் படத்து மேல கையை வச்சு மூடிட்டு, "அமர்ந்திருந்தது" மேல விரலை வச்சு, "இது என்னடா?"ன்னேன். "குரங்கு"ன்னான். "மேல்" மேல விரலை வச்சேன். அதுக்கும் "குரங்கு"தான்.

பையன் மேல எந்தத் தப்பும் இல்ல. அவன் கதை கேட்டிருக்கான், நல்லாவே கேட்டிருக்கான். கதை கேக்குறது நல்ல விஷயம், சொல் வளம் கூடும், வாக்கியம் எப்படிப் போகுதுன்னு காதுல பதியும். ஆனா அங்க வாசிச்சது அந்த அக்கா. பிள்ளை கேட்டுச்சு. நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரா இருக்கு. பிள்ளை வாசிக்கணும், இன்னொருத்தர் கேக்கணும்.

இப்போ உங்க வீட்டுல இருக்கிற ஒவ்வொரு ஆப்பையும் எடுத்து இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க. இதுல யார் வாய் திறக்குறது? யார் கேக்குறது? முக்கால்வாசி அங்கேயே விழுந்துடும்.

பள்ளிக்கூடத்து நிலவரத்துக்கு வர்றேன். தமிழ்நாட்டுல அரசு செலவு பண்ணலன்னு யாரும் சொல்ல முடியாது. 2018லேர்ந்து பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு. 2019 ஆகஸ்ட்டுல கல்வித் தொலைக்காட்சி. 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும். 2023ல பாட வீடியோவுக்கு மணற்கேணி செயலி. அப்புறம் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினி. இந்தக் கணக்கைப் பார்த்தா மலைப்பா இருக்கு. நல்ல மலைப்புதான். நம்ம காலத்துல சாக்பீஸுக்கே ஹெச்.எம். ரூமுக்கு ஆள் அனுப்புவாங்க.

ஆனா வாசிப்புன்னு வந்தா ஏசர் அறிக்கையைப் பாருங்க. கிராமப்புறத்துல வீடு வீடாப் போய் பிரதம் அமைப்பு நடத்துற ஆய்வு. தமிழ்நாட்டுல மூணாம் வகுப்புப் பிள்ளைங்கள்ல, ரெண்டாம் வகுப்பு அளவு கதையைத் தடையில்லாம வாசிக்கிறவங்க 2018ல 100க்கு 10 பேர் அளவுக்கு இருந்தாங்க. கொரோனாவுக்கு அப்புறம் 2022ல அது 5க்கும் கீழ போச்சு. 2024ல 12 அளவுக்கு ஏறியிருக்கு. ஏறியிருக்கு, சந்தோஷம், கொரோனாவுக்கு முந்தி இருந்ததையும் தாண்டியாச்சு. ஆனா மிச்சம் 88 பிள்ளைங்க இருக்காங்களே. சில பேர் இந்த ஆய்வு முறையே சரியில்லம்பாங்க, ரெண்டாம் வகுப்புக் கதைங்கிற அளவுகோல் நம்ம பிள்ளைக்குக் கடுமையா இருக்கும்பாங்க. சரி, பாதி தள்ளுபடி குடுத்தே பாருங்க. அப்பவும் தூக்கம் வராது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அந்த ஆய்வை அவங்க எதை வச்சுப் பண்றாங்க தெரியுமா? ஒரே ஒரு தாள். ஒரு பக்கம் எழுத்துக்கள், சில சொற்கள், ஒரு சின்னப் பத்தி, ஒரு கதை. பிள்ளை கையில தாளைக் குடுத்து வாசிக்கச் சொல்றாங்க, எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேக்குறாங்க. முடிஞ்சது. நாட்டுக்கே கணக்கு சொல்ற ஆய்வு, ஒரு தாளும் ஒரு காதும் வச்சு நடக்குது. பார்த்தீங்களா, திரும்பவும் அதே இடத்துக்கு வந்துட்டேன்.

நெய்வேலிக்காரன் பேசுறப்ப சுரங்கம் வராம இருக்குமா? இங்க சுரங்க வேலையை நேரு தொடங்கி வச்சது 1957 மே 20. பழுப்பு நிலக்கரி கண்ணுல பட்டது 1961 ஆகஸ்ட்டுல. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. மேல இருக்கிற மண்ணைத் தள்ளணும், அது ஒரு பக்கம். அடியில இருக்கிற ஊத்துத் தண்ணி அழுத்தத்தோட மேல வரும், ராத்திரி பகலா அதை இறைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா குழி நிரம்பிடும். ஜெர்மனியிலேர்ந்து வந்த, மண்ணை வெட்டுற பக்கெட் வீல் எந்திரத்தைப் பார்க்க இன்னைக்கும் ஜனங்க வர்றாங்க, போட்டோ எடுக்குறாங்க. அந்தத் தண்ணி இறைக்கிற பம்பை யாராவது போட்டோ எடுத்துப் பார்த்திருக்கீங்களா? பள்ளிக்கூடத்துல ஸ்மார்ட் போர்டு பக்கெட் வீல். பிள்ளை பக்கத்துல உக்காந்து, எழுத்துக்கூட்டறதைக் கேட்டுக்கிட்டே இருக்கிற ஆள் இருக்காரே, அவர்தான் பம்ப். பம்ப் நின்னா என்ன ஆகும்னு இந்த ஊர்ல நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.



சரி, "அப்போ டெக்னாலஜியே வேண்டாமா சார்?"னு கேப்பீங்க. அப்படிச் சொல்லவே இல்ல. கேக்குற காது மனுஷக் காதாத்தான் இருக்கணுமா, எந்திரக் காதா இருக்கலாமா? அங்கதான் சுவாரசியமே.

கூகுள் 2019ல இந்தியாவுல "போலோ"ன்னு ஒரு செயலி விட்டாங்க. இந்தி, இங்கிலீஷ். அடுத்த வருஷம் அதுக்கு "ரீட் அலாங்"னு பேர் மாத்தினாங்க, தமிழும் அதுல உண்டு. அதுல தியான்னு ஒரு பொம்மைப் பொண்ணு ஓரத்துல நிக்கும். பிள்ளை சத்தமா வாசிக்கணும். வாசிக்க வாசிக்க சொல்லோட நிறம் மாறும். ஒரு சொல்லுல தடுமாறினா அதைத் தொட்டா போதும், எப்படிச் சொல்றதுன்னு தியா சொல்லிக் காட்டும். முடிச்சா நட்சத்திரம். கதையை இறக்கி வச்சுட்டா நெட் இல்லாமயும் ஓடும். எனக்கு இது ஏன் பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும். இதுல பிள்ளைதான் வாய் திறக்குது.

2022 ஜூன் 1லேர்ந்து 12 வரைக்கும் இதை வச்சு நம்ம மாநிலத்துல ஒரு வாசிப்பு மாரத்தானே நடந்துச்சு. இல்லம் தேடிக் கல்விங்கிற சாயங்கால வகுப்பு மையத்துப் பிள்ளைங்க, தன்னார்வலர்களோட போனை வாங்கி வாசிச்சாங்க. ஒன்றியத்துக்கு ஒன்றியம் போட்டி. கோடிக்கணக்குல சொற்கள் வாசிச்சாங்கன்னு கணக்கு வந்துச்சு, திருச்சி மாவட்டம் லால்குடி முதல் இடம். பிள்ளைங்க போனைச் சுத்தி உக்காந்து, "அடுத்து நான், அடுத்து நான்"னு சண்டை போட்டாங்க. வாசிக்கிறதுக்குச் சண்டை! கேக்கவே நல்லா இருக்குல்ல?

ஆனா அந்த எந்திரக் காதுல கோளாறும் இருக்கு. நம்ம பிள்ளை "பழம்"னு எழுதியிருக்கிறதை "பளம்"னு வாசிக்கும். நம்ம ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் பேசுறோம், அதை விடுங்க. சில நேரம் செயலி அதையும் சரின்னு சொல்லி நட்சத்திரம் குடுத்துடும். இன்னொரு பிள்ளை சரியாவே வாசிக்கும், ஆனா மெதுவா, மழலையா. அதைத் தப்புன்னுடும். பக்கத்துல மிக்ஸி ஓடினா கேக்கவே வேண்டாம். பேச்சை எழுத்தாக்குற எந்த மென்பொருளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதுங்க பெரியவங்க பேச்சை அதிகமாக் கேட்டு வளர்ந்தவை. அதோட, அடுத்து என்ன சொல் வரும்னு ஊகம் பண்ணும். பிள்ளை ஒரு எழுத்தை விழுங்கினாலும் அதுவா சரிபண்ணிக்கும். நமக்கு வசதி, பிள்ளைக்கு நஷ்டம். அதனால இதைத் துணைக்கு வச்சுக்கலாம். மார்க் போட வைக்காதீங்க.

குஜராத்துல பிள்ளை வாசிக்கிறதை ஆசிரியர் போன்ல பதிவு பண்ண, செயற்கை நுண்ணறிவு வேகத்தையும் பிழையையும் கணக்குப் போட்டுச் சொல்ற ஏற்பாடு வந்திருக்கு. நல்லதுதான். நாப்பது பிள்ளை இருக்கிற வகுப்புல ஒரு டீச்சர் தனித்தனியா கேட்டு முடிக்க வாரம் ஆகிடும். அந்த நேரத்தை மிச்சம் பண்ணிக் குடுத்தா நான் கை தட்டுவேன். ஆனா நம்ம அனுபவம் என்ன? மிச்சம் பண்றோம்னு சொல்லி வந்த செயலி ஒவ்வொண்ணும் டீச்சரோட நேரத்தைத் தின்னுச்சு. வருகைப்பதிவு ஒரு பக்கம், எமிஸ் தளத்துல பிள்ளைங்க விவரம் ஏத்துறது ஒரு பக்கம், எண்ணும் எழுத்தும் மதிப்பீட்டை ஆன்லைன்ல ஏத்துறது ஒரு பக்கம். ஆசிரியர் சங்கங்கள் வருஷக்கணக்கா இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கு. பிள்ளை வாசிச்சுக் காட்ட எதிர்ல நிக்கும், டீச்சர் சர்வர் சுத்துறதைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. காது அங்க போயிடுச்சு. என்னைக் கேட்டா, டீச்சரைக் குனிஞ்சு திரையைப் பார்க்க வைக்கிற எந்தச் செயலியும் வாசிப்புக்கு எதிரி. யார் கோவிச்சாலும் இதுதான் என் கருத்து.

இல்லம் தேடிக் கல்வின்னு சொன்னேன்ல. அதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், நம்ம மாவட்டத்துக்கும் அதுல பங்கு உண்டு. 2021 அக்டோபர் 27, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்துல தொடங்குனாங்க. முதல்ல எடுத்த 12 மாவட்டத்துல நம்ம கடலூரும் ஒண்ணு. கொரோனாவுல பள்ளிக்கூடம் ஒண்ணரை வருஷம் பூட்டிக் கிடந்துச்சுல்ல, அந்த நஷ்டத்தை ஈடுகட்ட. சாயங்காலம் ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம். திண்ணையில, கோயில் மண்டபத்துல, வீட்டு வாசல்ல. ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பொண்ணுங்க. ஊக்கத்தொகை மாசம் 1,000 ரூபாய்.

அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூணு பேரும் ஏறக்குறைய 19,000 பிள்ளைங்களை வச்சு ஆய்வு பண்ணாங்க. பள்ளி திறந்து ஆறு மாசத்துல, இழந்த படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு. அப்படி மீண்டதுல 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்குச் சொல்றாங்க. 1,000 ரூபாய்க்கு! அந்த அக்காங்க கையில என்ன ஸ்மார்ட் போர்டா இருந்துச்சு? ஒரு சாதா போன், கொஞ்சம் அட்டை, ஒரு கரும்பலகை. ஆனா எதிர்ல இருபது பிள்ளைங்க, ஒவ்வொண்ணும் வாசிக்கிறதைக் கேக்க ஒரு ஆள். நான் சொல்ல வர்றது புரியுதுல்ல?

எல்லாத்துக்கும் முந்தி செயல்வழிக் கற்றல்னு ஒண்ணு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? 2003ல சென்னை மாநகராட்சிப் பள்ளியில ஆரம்பிச்சு, அப்புறம் மாநிலம் பூரா. ஏணிப்படி வரைஞ்ச சார்ட், படம் போட்ட அட்டைங்க. பிள்ளை தன் வேகத்துல ஒவ்வொரு அட்டையா எடுத்துப் படிக்கும். இன்னைக்கு லட்சக்கணக்குல சந்தா வாங்குற கம்பெனிங்க "உங்க பிள்ளையின் நிலைக்கு ஏத்த பாடம்"னு விளம்பரம் பண்றாங்களே, அதை அட்டையில பண்ணிட்டுப் போயிட்டாங்க. சார்ஜ் போட வேண்டாம். கிழிஞ்சா ஒட்டிக்கலாம்.

வெளிநாட்டுக் கதையும் ரெண்டு சொல்லிடறேன், இல்லன்னா "சார் பழமைவாதி"ன்னுடுவீங்க. தென் அமெரிக்காவுல பெரு நாடு. பிள்ளைக்கு ஒரு லேப்டாப்னு லட்சக்கணக்குல குடுத்தாங்க. 2012ல ஆய்வு வந்துச்சு: மொழிப்பாடத்துலயும் கணக்குலயும் முன்னேற்றம் தென்படல. ஸ்வீடன், உலகத்துலயே முன்னாடி டிஜிட்டலுக்குப் போன நாடுங்கள்ல ஒண்ணு. 2023ல அந்த அரசாங்கமே பணம் ஒதுக்கி அச்சுப் புத்தகத்தைத் திருப்பி வகுப்புக்குள்ள கொண்டு வந்துச்சு. 2018ல ஸ்பெயின் ஆய்வாளருங்க 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, 1,70,000 பேருக்கு மேல. தாள்ல வாசிச்சவங்களுக்குத்தான் திரையில வாசிச்சவங்களை விட நல்லாப் புரிஞ்சிருக்கு. ஆனா கதைன்னு வந்தா பெரிய வித்தியாசம் இல்ல, தகவல் சொல்ற பாடத்துலதான் வித்தியாசம். இதையும் சேர்த்துச் சொல்லணும், பாதியை மறைக்கக் கூடாது.

அதே நேரம் டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு மென்பொருளை வச்சுச் செஞ்ச சோதனையில, நாலரை மாசத்துல இந்தியிலயும் கணக்குலயும் பிள்ளைங்க நல்லாவே ஏறினாங்க. ஏன்னா அந்த மென்பொருள் பிள்ளை எந்த நிலையில இருக்கோ அங்கேர்ந்து ஆரம்பிச்சுச்சு. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு மூணாவது பாடம் தேவைன்னா மூணாவதுதான். கூடவே ஆளும் உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க. ஆளையும் சேர்த்துத்தான் அந்த வெற்றி. விளம்பரத்துல ஆளை வெட்டிட்டு டேப்பை மட்டும் காட்டுவாங்க.

தமிழுக்குன்னு ஒரு தனிச் சிக்கல் இருக்கு, அதை இந்த ஆப் கம்பெனிக்காரங்க கவனிக்கிறதே இல்ல. "கெ" எழுதுறோம். கண்ணுக்கு முதல்ல தெரியுறது கொம்பு. வாயில முதல்ல வர்றது "க்". "கொ"ன்னா கொம்பு இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம், நடுவுல எழுத்து. பிள்ளை இடமிருந்து வலமா ஒண்ணொண்ணா போனா மாட்டிக்கும், மொத்தமாப் பார்க்கணும். அப்புறம் "கௌரி". பாதி ஆப்புல "கெளரி"ன்னு டைப் பண்ணி வச்சிருக்கான்! கொம்பு, க, அப்புறம் தனியா ஒரு "ள". பிள்ளை "கெ-ள-ரி"ன்னு வாசிச்சா அது சரி, தப்பு ஆப்போடது. காலும் "ர"வும் ஒண்ணு மாதிரியே தெரியுற ஃபான்ட் வேற இருக்கு. பெரியவங்க கண்ணு பழக்கத்துல தாண்டிடும், ஆறு வயசுப் பிள்ளை அங்கேயே நின்னுடும். ஆப் வாங்குறதுக்கு முன்னாடி அதுல "கொக்கு", "கௌதாரி" ரெண்டும் எப்படித் தெரியுதுன்னு பாருங்க.

டவுன்ஷிப்புல இன்னொண்ணு. பல மாநிலத்து ஆளுங்க வேலை பார்க்கிற ஊரு. வீட்டுல தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுற பிள்ளைங்க நிறைய. தமிழ் பேசுற வீட்டுலயும், "இங்கிலீஷ் ரீடிங் வந்தாப் போதும் சார், தமிழ் தானா வரும்"கிறாங்க. தானா எப்படிங்க வரும்? பேச்சு தானா வரும். எழுத்து யாராவது சொல்லிக் குடுத்தாத்தான் வரும். "வந்துச்சு"ன்னு பேசுற பிள்ளைக்குப் புத்தகத்துல இருக்கிற "வந்தது" கிட்டத்தட்ட புதுச் சொல்லு. அதைச் சத்தமா வாசிச்சு வாசிச்சுத்தான் பழகணும்.

ஐயோ, நேரம் ஓடிடுச்சு. எடிட் பண்ற தம்பி கையை ஆட்டுறான். நீங்க கேட்டதுக்கு இனிமேதான் வர்றேன், வேகமாச் சொல்லிடறேன், எழுதிக்குங்க.

முதல்ல பிள்ளை எந்த இடத்துல நிக்குதுன்னு பாருங்க. ஆப் வேண்டாம். பாடப்புத்தகத்துல நடத்தாத பக்கம் ஒண்ணை எடுங்க, படத்தை மூடுங்க, வாசிக்கச் சொல்லுங்க. எழுத்துல தடுக்குதா, சொல்லுல தடுக்குதா, வாக்கியம் வாசிச்சும் அர்த்தம் புரியலையா? தடுக்கிற இடத்துலேர்ந்து ஆரம்பிங்க, வகுப்பைப் பார்க்காதீங்க. நாலாவது படிக்கிற பிள்ளைக்கு எழுத்துலேர்ந்து ஆரம்பிக்கிறதுல கேவலம் ஒண்ணும் இல்ல.

அடுத்தது கதைக்கு. பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு இணையதளம், 2015லேர்ந்து இருக்கு, இலவசம். தமிழ்க் கதைங்க நிலை நிலையாப் பிரிச்சு வச்சிருக்காங்க. இறக்கிப் பிரிண்ட் போட்டுக்கலாம். அரசுப் பள்ளியில வாசிப்பு இயக்கப் புத்தகம் இருக்கும். நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. டீச்சரைக் கேளுங்க, பீரோவுல பூட்டி வச்சிருந்தா எடுக்கச் சொல்லுங்க. புத்தகம் கசங்கினா பரவாயில்லன்னும் சேர்த்துச் சொல்லுங்க, அந்தப் பயத்துலதான் நிறைய இடத்துல பூட்டு.

ரீட் அலாங் உங்க போன்ல கிடைச்சா போடுங்க. பத்து நிமிஷம் போதும். நட்சத்திரத்தை நம்பாதீங்க, முடிச்சதும் அதே கதையை உங்ககிட்ட ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க.

என்னைக் கேட்டா நல்ல ஆப் உங்க போன்ல ஏற்கெனவே இருக்கு. வாய்ஸ் ரெக்கார்டர். திங்கக்கிழமை ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. தினம் அதையே ஒரு தடவை வாசிக்கட்டும். வெள்ளிக்கிழமை திரும்பப் பதிவு. ரெண்டையும் பிள்ளைக்கே போட்டுக் காட்டுங்க. அதுவே சொல்லும், "அப்போ எவ்ளோ திக்கியிருக்கேன்"னு.

பாட்டு கேக்குற வீடா? தமிழ் வரி கீழ ஓடுற பாட்டுப் போடுங்க. 1996ல அகமதாபாத் ஐஐஎம்ல பிரிஜ் கோத்தாரி ஆரம்பிச்ச யோசனை இது. தூர்தர்ஷன்ல இந்திப் பாட்டுக்குக் கீழ இந்தியிலயே வரி. அரைகுறையா வாசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது நல்ல பயிற்சின்னு ஆய்வுங்க சொல்லுது. நம்ம யூடியூப்ல தமிழ்ப் பாட்டுக்கு வரி போடுறவன் முக்கால்வாசிப் பேர் இங்கிலீஷ் எழுத்துல போடுறான், அதைப் போட்டுடாதீங்க. தமிழ் எழுத்துல இருக்கிறதாத் தேடி எடுங்க.

டீச்சருங்களுக்கு ஒரே வரி. ஸ்மார்ட் போர்டுல வீடியோ போட்டா முதல்ல சத்தத்தை அமுக்குங்க. எழுத்து மட்டும் ஓடட்டும், பிள்ளைங்க குரல் குடுக்கட்டும், வரிசையா இல்லாம நடுவுலேர்ந்து ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்க. அப்புறம் சத்தத்தோட போடுங்க. கரண்ட் போயிட்டா கரும்பலகை இருக்கவே இருக்கு. நாட்டுக்கே கரண்ட் குடுக்குற ஊரு, அதனால நான் இதுக்கு மேல ஒண்ணும் சொல்லல.

இன்னொண்ணு விட்டுப் போச்சு. வருஷா வருஷம் லிக்னைட் ஹால்ல நம்ம புத்தகக் கண்காட்சி நடக்குதுல்ல? மிளகா பஜ்ஜி வரிசையில நிக்கிற நேரத்துல பாதியைப் பிள்ளைக்குக் குடுங்க. ரெண்டு ஸ்டால்ல நின்னு, அதுவே ஒரு பக்கத்தைச் சத்தமா வாசிச்சுப் பார்த்து, வாசிக்க முடியுற புத்தகத்தை எடுக்கட்டும். கெட்டி அட்டை, பளபளப்பு எல்லாம் பார்த்து நீங்க எடுத்துக் குடுக்காதீங்க.

அடுத்த வீடியோவுல இங்கிலீஷ் வாசிப்பு, ஃபோனிக்ஸ் கிளாஸுக்குக் காசு கட்டலாமா வேண்டாமான்னு பேசுவோம். இன்னைக்கு ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பத்து நிமிஷம், பிள்ளையைப் பக்கத்துல உக்கார வச்சு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. உங்க போனைத் தூர வச்சுடுங்க, இந்த வீடியோவையும் சேர்த்துத்தான்.